மலிவுப் பேய்ப்படம் பார்ப்பது எப்படி?

1931 இல் வந்த டிராகுலா படத்தில், பிரபுவின் பாழடைந்த கோட்டைக்குள் அர்மடில்லோ ஊர்ந்து போகும். முதுகில் ஓடு போர்த்திய அந்தப் பிராணி அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. டிரான்சில்வேனியா மலைக்கோட்டைக்குள் அது எப்படி வந்தது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி கையில் மெழுகுவர்த்தியோடு அகலமான படிக்கட்டில் இறங்கி வந்து தன் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

பழைய மலிவுப் பேய்ப்படங்களுக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. 1930களிலிருந்து ஏறக்குறைய 1968 வரை, பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எடுத்த படங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டிராகுலாவை எடுத்த யுனிவர்சல் பெரிய கம்பெனி. அந்தப் படத்தை மலிவுப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பேர் வாங்கிய நடிகர்கள்தான் பின்னால் ஹாலிவுட்டின் 'வறுமைத் தெரு'வுக்கு இறங்கி வந்தார்கள். மோனோகிராம், பிஆர்சி போன்ற சில்லறைக் கம்பெனிகளை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள்.

பல வருடங்களாக இந்தப் படங்களைப் பார்த்ததில் எனக்கு ஒன்று பட்டிருக்கிறது. செட்டுக்குப் பணம் இல்லை, இசைக்குப் பணம் இல்லை, ராட்சசனைக் காட்டவும் பணம் இல்லை என்னும்போது கையில் மிஞ்சுவது ஒரு நடிகரின் முகமும் குரலும்தான். அதனால் இந்தப் படங்களைக் கதைக்காகப் பார்த்தால் பாதி நேரம் ஏமாற்றம்தான். நடிகரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

முதல் படி: நல்ல பிரிண்டைத் தேடுங்கள்

பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது மோசமான பிரதியைத்தான். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) இதற்கு நல்ல உதாரணம். அந்தப் படத்துக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். விநியோகஸ்தர்கள் பெயரை மாற்றியபோது, பழைய பெயர் அட்டையோடு சேர்ந்து பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம் என்றாகிவிட்டது. விற்றார்கள். பிரதிக்குப் பிரதி, அதற்கொரு பிரதி என்று போய், முகங்கள் எல்லாம் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் கேசட்டுகளில்தான் ஒரு தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்தது. 2016 இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூல நெகட்டிவிலிருந்து அதைப் புதுப்பித்தன. இரண்டு பிரதிகளிலும் ஒரே காட்சியை இரண்டு நிமிடம் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

'ஒயிட் ஜோம்பி', 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்', 'த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' ஆகியவையும் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் பொதுச்சொத்து ஆனவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே படத்துக்கு ஐந்தாறு பிரதிகள் கிடக்கும். மூன்றைத் திறந்து இருட்டான காட்சி ஒன்றை ஒப்பிடுங்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிகிற பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பூத்திருந்தால் மூடிவிடலாம். 1950களுக்கு முந்தைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் அதுதான் சரி. திரை முழுக்க நிரம்பியிருந்தால் யாரோ மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் இழுத்து முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியிருக்கிறார்கள். பின்னால் வர்ணம் பூசிய பதிப்புகளைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: அறை, நேரம், ஆள்

ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில். போன் வேறு அறையில். இந்தப் படங்கள் பெரும்பாலும் 65 முதல் 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பத்தரைக்கு எழுந்துவிடலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். 1930களின் ஒலிப்பதிவில் இரைச்சல் அதிகம். முதல் தடவை கேலி செய்யும் கூட்டத்தோடு உட்காராதீர்கள். கேலிக்கு இரண்டாம் தடவை இருக்கிறது.

மூன்றாம் படி: 'கேட் பீப்பிள்' படத்தில் தொடங்குங்கள்

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். 1942 இல் ஆர்கேஓ கம்பெனி வால் லூட்டன் என்பவரைப் பேய்ப்படப் பிரிவின் தலைமைக்கு அமர்த்தியது. நிபந்தனைகள் மூன்று: ஒரு படத்துக்கு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது, 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தலைப்பை கம்பெனியே கொடுக்கும். மற்றபடி உங்கள் இஷ்டம். முதல் தலைப்பாக 'கேட் பீப்பிள்' என்று கொடுத்தார்கள். சிறுத்தையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதையை லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அந்தத் தலைப்புக்குள் வைத்தார்கள். ஆர்சன் வெல்ஸ் படம் ஒன்றுக்காகப் போட்ட பெரிய படிக்கட்டு செட் சும்மா நின்றது, அதையே எடுத்துக்கொண்டார்கள்.

படத்தின் நடுவே ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரை ஒட்டி நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலடி. தெருவிளக்கின் வெளிச்ச வட்டம், இருட்டு, மறுபடி வெளிச்ச வட்டம். இசையே கிடையாது, செருப்புச் சத்தம் மட்டும். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் நின்று திரும்பிப் பார்க்கிறாள், ஓட ஆரம்பிக்கிறாள். அதற்கு மேல் நடப்பதைச் சொல்ல மாட்டேன். திடீர் சத்தத்தால் நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கும் உத்திக்குத் திரைத்துறையில் இன்றும் 'லூட்டன் பஸ்' என்று பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். படத்தொகுப்பு செய்த மார்க் ராப்சன் பின்னால் லூட்டனுக்கே இயக்குநர் ஆனார்.

இதில் வரும் சிமோன் சிமோன் என்ற பிரெஞ்சு நடிகையைக் கவனியுங்கள். பூனை போல ஒரு சின்ன முகம். பயமுறுத்த அவர் எதுவும் செய்வதில்லை, தன்னைப் பார்த்துத் தானே பயப்படுகிறார். பரிதாபமும் நடுக்கமும் ஒன்றாக வருவது இந்த ஒரு முடிவால்தான்.

லூட்டனின் அடுத்த படமான 'ஐ வாக்டு வித் எ ஜோம்பி' (1943) தலைப்பைக் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். 'ஜேன் அயர்' நாவலின் எலும்பை எடுத்துக் கரீபியத் தீவில் நட்ட கதை அது. கரும்புத் தோட்டத்துக்குள் இரண்டு பெண்கள் நடக்கும் நீண்ட காட்சியில் காற்றுச் சத்தத்தைத் தவிர அநேகமாக வேறொன்றும் இல்லை. நம் ஊரில் ராத்திரியில் கரும்புக் கொல்லை ஓரமாக நடந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: ஒரே காட்சியை மூன்று தடவை

படம் முடிந்த பிறகு, மனதில் நின்ற ஒரு காட்சிக்குத் திரும்பிப் போங்கள். ஒரு தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். மூன்றாம் தடவை சாதாரணமாக. எதைக் காட்டாமல் விட்டார்கள் என்பது இப்படித்தான் பிடிபடும்.

காதால் கேட்க 'ஒயிட் ஜோம்பி' (1932). பதினொரு நாளில், யுனிவர்சலின் செட்டுகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முடித்த படம். ஹைத்தியில் ஒரு சர்க்கரை ஆலை. செத்து எழுப்பப்பட்டவர்கள் ஓய்வில்லாமல் செக்கைத் தள்ளுகிறார்கள். மரம் முனகும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒருவன் தவறி உள்ளே விழுகிறான். மற்றவர்கள் நிற்கவில்லை, முனகலும் நிற்கவில்லை. படத்தின் மற்ற பகுதிகள் நாடகத்தனமானவைதான். இந்த ஒரு நிமிடத்துக்காக நான் அதைப் பலமுறை போட்டிருக்கிறேன்.

'த பாடி ஸ்னாட்சர்' (1945) படத்தில் தெருவில் பாடிப் பிழைக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் பாடிக்கொண்டே இருண்ட வளைவுக்குள் போகிறாள். பின்னாலேயே ஒரு குதிரை வண்டி போகிறது. நாம் பார்ப்பது இருட்டை மட்டும்தான். பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது, நடுச்சொல்லில் அறுந்துவிடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) இதற்கு நேர் எதிர். எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்து, அதை வைத்தே ஒரு கதை எழுத வைத்தார். மூன்று வாரம், சுமார் 33,000 டாலர். வெளுத்த முகத்தோடு நாயகியைத் துரத்தும் உருவமும் ஹார்வியேதான். ஒரு சம்பளம் மிச்சம். ஒரு கடைக்குள் நாயகி நிற்கும்போது திடீரென்று உலகத்தின் சத்தம் எல்லாம் நின்றுவிடும். யார் கண்ணிலும் அவள் படமாட்டாள். ஒலியை அணைப்பதற்கு ஒரு காசு செலவில்லை. கேண்டஸ் ஹில்லிகாஸின் அகன்ற கண்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

ஐந்தாம் படி: படத்தை விடுங்கள், நடிகரைப் பின்தொடருங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

லுகோசியிடம் இடைவெளியைக் கேளுங்கள். 1882 இல், அப்போது ஹங்கேரியைச் சேர்ந்த லுகோஷ் ஊரில் பிறந்து, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். 1919 இல் புடாபெஸ்டில் நடிகர் சங்கம் அமைப்பதில் முன்னால் நின்று, ஆட்சி மாறியதும் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆங்கிலம் அவருக்குக் கடைசி வரை அந்நியமாகவே ஒலித்தது. ஆனால் அந்தத் தயக்கத்தையே அவர் ஆயுதமாக்கினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடத்தில் நாம் மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறோம். டிராகுலா படத்தில் பின்னணி இசை அநேகமாகவே கிடையாது என்பதால் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

அதே படத்தில் டுவைட் ஃப்ரை என்ற நடிகரைத் தவறவிடாதீர்கள். கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே பார்த்து அவர் சிரிக்கும் சிரிப்பு, லுகோசி செய்யும் எதையும்விட என்னைத் தொந்தரவு செய்தது. அதன் பிறகு பைத்தியக்காரன், கூன் விழுந்த எடுபிடி என்றே வேடம் கொடுத்தார்கள். மேடையில் எல்லா வகை வேடமும் போட்டவர். போர்க்காலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே நடித்தார். 1943 இல், 44 வயதில் மாரடைப்பில் இறந்தார்.

போரிஸ் கார்லாஃபிடம் கைகளைப் பாருங்கள். உண்மைப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டனில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் இந்தியாவின் உப்புவரித் துறையில் அதிகாரி. குடும்பத்தில் ஆங்கிலோ இந்திய ரத்தம் உண்டு. அந்த மாநிறத்தால் மௌனப்பட நாட்களில் அரபியாகவும் இந்தியனாகவும் சில்லறை வேடங்கள் போட்டுத் திரிந்தார். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' (1931) படத்தில் ராட்சசன் அவர்தான், ஆனால் தொடக்க அட்டையில் அவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது. கன்னம் ஒட்டித் தெரிவதற்காகப் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தார். கூரைக் கதவு திறந்து முதல் தடவையாக வெளிச்சம் விழும்போது, அதைப் பிடிக்க இரண்டு கைகளையும் மேலே நீட்டுவார். கதவை மூடியதும் அந்தக் கைகள் விரிந்தபடியே இறங்கும். பால் குடிக்கும் குழந்தையிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டது போல இருக்கும்.

பதினான்கு வருடம் கழித்து வந்த 'த பாடி ஸ்னாட்சர்' படத்தில் அதே கைகள். பிணம் விற்கும் வண்டிக்காரன் வேடம். தொடக்கத்தில் நடக்க முடியாத ஒரு சிறுமியைத் தூக்கித் தன் குதிரையிடம் காட்டுவார், அவ்வளவு மென்மை. பிறகு அந்தக் கைகள் என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும்போது, சிறுமியின் காட்சி ஞாபகம் வந்து வயிற்றைப் பிசையும். லுகோசியும் அவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படமும் இதுதான். கணப்படுப்பு அறையில் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சியில் லுகோசிக்கு வேலைக்காரன் வேடம். ஒரு காலத்தில் சரிசமமாக நின்ற இரண்டு பேர். இன்னொரு விஷயம், 1933 இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் தொடங்கியபோது ஆரம்ப உறுப்பினர்களில் கார்லாஃபும் ஒருவர். ராட்சச வேடத்தோடு விடிய விடிய நின்று வேலை பார்த்த மனிதருக்கு அது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

வின்சென்ட் பிரைஸைப் பார்க்கிறவர்கள் 'மிகை நடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். 'ஹவுஸ் ஆஃப் அஷர்' (1960) படத்தில் சின்னச் சத்தத்தையும் தாங்க முடியாத மனிதனாக வருகிறார். மீசையை எடுத்து, முடியை வெளுத்துக்கொண்டு, படம் முழுக்கக் கிசுகிசுப்புக்குக் கொஞ்சம் மேலே பேசுகிறார். அடுத்து 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968) பாருங்கள். இயக்குநர் மைக்கேல் ரீவ்ஸுக்கு அப்போது 24 வயது. பிரைஸின் வழக்கமான அலங்காரங்களை எல்லாம் வெட்டச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றார். படப்பிடிப்பு முழுக்க இருவருக்கும் ஆகவில்லை. திரையில் தெரிவது ஒரு ஈரமில்லாத மனிதன். பிரைஸ் பின்னால் அந்தப் படத்தின் அருமையை ஒப்புக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர், ஓவியம் சேகரித்தவர், மனைவியோடு சேர்ந்து சமையல் புத்தகம் எழுதியவர் என்று தெரிந்த பிறகு, பயமுறுத்தும் இடங்களிலும் அந்த ருசிகன் எட்டிப் பார்ப்பது புரியும்.

பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி, தேம்ஸ் கரையில் பிரே என்ற இடத்தில் ஒரு பழைய பங்களாவையே ஸ்டூடியோ ஆக்கி வைத்திருந்தது. அங்கே டெரன்ஸ் ஃபிஷர் இயக்கத்தில் 'த கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' (1957), 'டிராகுலா' (1958) என்று வண்ணத்தில், சிவப்பு ரத்தத்தோடு எடுத்தார்கள். செட் வடிவமைத்த பெர்னார்ட் ராபின்சன் ஒரே தூணை, ஒரே படிக்கட்டை இடம் மாற்றி வைத்துப் படம் படமாக ஓட்டினார். நான்கைந்து ஹாமர் படம் பார்த்துவிட்டீர்கள் என்றால் 'இந்தத் தூணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்று தோன்ற ஆரம்பிக்கும். அது ஒரு தனி இன்பம்.

குஷிங்கின் கையில் எப்போதும் ஒரு பொருள் இருக்கும். படப்பிடிப்புக் குழு அவருக்கு 'பிராப்ஸ் பீட்டர்' என்றே பட்டப்பெயர் வைத்தது. ஃப்ராங்கன்ஸ்டைனாக ஒரு பிணத்தின் தலையை வெட்டிவிட்டு, ரத்தக் கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொள்வார், ஏதோ மாவு ஒட்டியது போல. அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்று அதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை. 'டிராகுலா' உச்சக்கட்டத்தில் நீள மேஜைமேல் ஓடித் திரைச்சீலையின் மேல் பாய்வதும், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடிப்பதும் அவர் கொடுத்த யோசனைகள்.

லீ ஆறடி ஐந்து அங்குலம். அதே படத்தில் டிராகுலா அவர்தான். முதலில் படிக்கட்டு உச்சியில் நிழலாக நிற்பார். பயங்கரமாக ஏதோ வரப்போகிறது என்று நாம் தயாராகும்போது சரசரவென்று இறங்கி வந்து, நல்ல வீட்டுப் பிள்ளை போல மரியாதையாகப் பேசுவார். அந்தத் தொடக்கக் காட்சிகளுக்குப் பிறகு அவருக்கு வசனமே இல்லை. 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' (1966) படத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வசனம் மோசமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்று லீ சொன்னார். நான் வசனமே எழுதவில்லை என்றார் எழுத்தாளர் ஜிம்மி சாங்ஸ்டர். எது உண்மையானாலும் லாபம் நமக்கு. 'த மம்மி' (1959) படத்தில் கட்டுத்துணிக்குள்ளிருந்து தெரிவது அவர் கண்கள் மட்டுமே. காதலும் கோபமும் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த இருவரின் நட்பைத் திரையிலேயே பார்க்க 'ஹாரர் எக்ஸ்பிரஸ்' (1972) போதும். 1971 இல் மனைவி ஹெலன் இறந்த பிறகு குஷிங் நொறுங்கிப் போயிருந்தார். மாட்ரிட்டுக்கு வந்து இறங்கியதும் என்னால் முடியாது, திரும்பிப் போகிறேன் என்றார். லீ பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசிப் பேசி அவரை இருக்க வைத்தார். வேறொரு படத்துக்குச் செய்த ரயில் செட்டில் எடுத்த, கொஞ்சம் கிறுக்கான படம். ஆனால் இருவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் கண்ணால் பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குஷிங் பிறந்தது மே 26. லீ, பிரைஸ் இருவரும் மே 27. வருடா வருடம் அந்த இரண்டு ராத்திரியும் என் வீட்டில் டிவி வேறு யாருக்கும் கிடையாது.

பார்பரா ஸ்டீல் பற்றி ஒன்று மட்டும். மரியோ பாவா இத்தாலியில் எடுத்த 'பிளாக் சன்டே' (1960) படத்தில் சூனியக்காரியாகவும் அப்பாவிப் பெண்ணாகவும் இரட்டை வேடம். ஆங்கிலப் பதிப்பில் கேட்பது அவர் குரல் இல்லை, டப்பிங். எனவே முகத்தை மட்டும் பாருங்கள். ஒளிப்பதிவும் பாவாவே செய்ததால், அந்த இரண்டு பெண்களையும் வெளிச்சமே பிரித்துக் காட்டிவிடும். தொடக்கத்தில் உள்பக்கம் ஆணி வைத்த முகமூடியை அறையும் காட்சி வரும். இளகிய மனம் உள்ளவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1968 வரை படத்துக்கே தடை இருந்தது.

டுவேன் ஜோன்ஸ். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' நாயகன். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பினத்தவருக்கென்று எழுதாத வேடம் அது. தேர்வுக்கு வந்தவர்களில் அவர் நன்றாக நடித்தார், எடுத்துக்கொண்டார்கள். கதாபாத்திரத்தின் பேச்சை அவரே மெருகேற்றினார். எல்லோரும் கத்தும் ஒரு வீட்டுக்குள் பலகை அடித்துக்கொண்டே தணிந்த குரலில் பேசும் ஒரே ஆள். 1968 இன் அமெரிக்காவில் அந்த முகம் அந்த முடிவை அடைவது என்ன அர்த்தம் கொண்டது என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி அசையாப் படங்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள்.

ஆறாம் படி: காசு எங்கே போனது என்று தேடுங்கள்

இது விளையாட்டு மாதிரி. ராஜர் கார்மன் படங்கள் இதற்குத் தோது. 'எ பக்கெட் ஆஃப் பிளட்' (1959) ஐந்து நாள். 'த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதி, வேறொரு படத்துக்காகப் போட்டுக் கலைக்காமல் கிடந்த செட்டில், இரண்டு பகல் ஓர் இரவு. அதில் டிக் மில்லர் கார்னேஷன் பூவை உப்புத் தூவி மென்றுகொண்டே வசனம் பேசுவார். பெரும்பாலும் துணை வேடத்திலேயே வாழ்நாளைக் கழித்த அந்த நடிகருக்கு 'எ பக்கெட் ஆஃப் பிளட்' நாயகன் வேடம் தந்தது. அந்தப் பாத்திரத்தின் பெயரான வால்டர் பெய்ஸ்லியைப் பின்னால் வந்த இயக்குநர்கள் அவருக்கே திரும்பத் திரும்ப வைத்து மரியாதை செய்தார்கள்.

'ஹவுஸ் ஆஃப் அஷர்' எடுக்கும்போது கார்மனுக்குப் பதினைந்து நாள் கிடைத்தது. அவருக்கு அது ஆடம்பரம். ராட்சசன் எங்கே என்று தயாரிப்பாளர் கேட்டதாகவும், வீடுதான் ராட்சசன் என்று தான் சொல்லித் தப்பித்ததாகவும் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் பக்கம் காட்டுத்தீ பிடித்துக் கருகிய இடம் இருப்பதைக் கேள்விப்பட்டதும் ஓடிப்போய் அந்தக் கருகிய மரங்களுக்கு நடுவே தொடக்கக் காட்சியை எடுத்தார். இடிக்கப் போகிற ஒரு பழைய தானியக் கொட்டகையை விலை பேசி, ராத்திரியில் கொளுத்திப் படம்பிடித்தார். எரிந்து விழும் அந்த உத்தரங்களை அவருடைய அடுத்தடுத்த படங்களிலும், எட்கர் ஆலன் போ கதைகளை வைத்து எடுத்தவற்றில், பார்க்கலாம். கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

இயக்குநர் வில்லியம் காசிலின் வித்தைகள் வேறு ரகம். திரையரங்க இருக்கைக்கு அடியில் அதிரும் கருவி, தலைக்கு மேலே பறந்து வரும் எலும்புக்கூடு எல்லாம் வைத்தார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

ஏழாம் படி: மோசமான படத்தையும் ஒன்று பாருங்கள்

மோசமான படங்களுக்கே பேர்போன இயக்குநர் எட் வுட்டின் படங்கள். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்துவிட்டார். அதற்கு முன் எடுத்து வைத்திருந்த சில நிமிட மௌனக் காட்சிகளைச் செருகி, மீதிக்கு எட் வுட்டின் மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்தவரை முகத்தைப் போர்வையால் மறைத்து நடக்க வைத்தார்கள். உயரமே ஒத்துவராது. சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் 'பிரைட் ஆஃப் த மான்ஸ்டர்' (1955) பார்த்துவிடுங்கள். லுகோசிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மார்ஃபின் பழக்கத்தால் உடம்பு சுருங்கியிருந்தது. ரப்பர் ஆக்டோபஸுக்கு மோட்டார் இல்லை. அதனிடம் மாட்டியவர்தான் அதன் கைகளை எடுத்துத் தன் மேல் சுற்றிக்கொண்டு அலற வேண்டும். இந்தப் படத்தில், எனக்கு வீடு என்று ஒன்று இல்லை, என்னைத் துரத்திவிட்டார்கள் என்ற பொருளில் ஒரு நீண்ட பேச்சு அவருக்கு வரும். அட்டைச் சுவருக்கு முன்னால் நின்று, கை விரல்களை மடக்கி நீட்டி, பழைய இடைவெளிகளோடு அதைப் பேசுவார். 1919 இல் நாட்டை விட்டு ஓடியவர் அவர் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

எட்டாம் படி: வரிசை

நான் புதியவர்களுக்குச் சொல்லும் வரிசை இது. வாரத்துக்கு ஒன்று போதும். 'கேட் பீப்பிள்', 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்', ஹாமரின் 'டிராகுலா', அதற்குப் பிறகே 1931 இன் டிராகுலா. புதியதைப் பார்த்துவிட்டுப் பழையதற்குப் போனால் லுகோசியின் நிதானம் சலிப்பாகத் தோன்றாது, வேறொரு வழியாகத் தெரியும். அடுத்து 'ஹவுஸ் ஆஃப் அஷர்', 'த பாடி ஸ்னாட்சர்', 'பிளாக் சன்டே', 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. நடுவில் சோர்வு வந்தால் டிக் மில்லர் பூத் தின்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிக்கு 'டார்கெட்ஸ்' (1968). கார்மனுக்குக் கார்லாஃப் இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அந்த நாட்களையும், 'த டெரர்' என்ற தன் தலைகால் புரியாத பழைய படத்தின் காட்சிகளையும் வைத்து ஒரு படம் பண்ணிக்கொள் என்று பீட்டர் பொக்டானொவிச் என்ற இளைஞரிடம் கொடுத்தார் கார்மன். அவர் எழுதியது, இனி என்னைக் கண்டு யார் பயப்படப் போகிறார்கள் என்று ஓய்வு பெற நினைக்கும் ஒரு பேய்ப்பட நடிகரின் கதை. கதை பிடித்துப்போய் கார்லாஃப் பாக்கியைவிடக் கூடுதல் நாட்கள் வந்து நடித்தார். வயது எண்பதை எட்டியிருந்தது; காலில் உலோகத் தாங்கு, நுரையீரலில் நோய்.

அதில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வார். பாக்தாத் சந்தையில் மரணத்தைப் பார்த்து மிரண்ட வேலைக்காரன், எஜமானனிடம் குதிரை வாங்கிக்கொண்டு சமாராவுக்கு ஓடும் அந்தப் பழைய கதை. ஒரே ஷாட். கேமரா மெதுவாக அவர் முகத்தை நோக்கி வருகிறது. ராட்சசன் இல்லை, செட்டு இல்லை, இசை இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, அதைக் கேளுங்கள்.